இரண்டாவது மூன்று மணி

நேற்று மேடையில் நாற்பது நிமிடம்.
விளக்கு கண்ணைப் பறித்ததில்
முந்நூறு பேரும் ஒரே இருட்டு.
காலடியில் சிவப்பு எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன.
மூன்று நகைச்சுவை சொன்னேன், ஒருவரும் சிரிக்கவில்லை.
கவலையில்லை.
எங்கள் பின்லாந்தில் சிரிப்பு
மறுநாள் மின்னஞ்சலில் வரும்.

இன்று பட்டறை.
தம்பெரேயில் ஒரு காலத்துப் பருத்தி ஆலை,
அக்டோபரின் கடைசி சனிக்கிழமை.
கழுத்து அட்டையில் என் பெயர்
மாரெத் கொதிலைனென்,
ஓர் எழுத்து குறைவாக.
இருபத்தெட்டு மடிக்கணினிகள், நான்கு மின்செருகிகள்.
நிறுவச் சொன்ன மறுநொடியே வைஃபை படுத்தது.
பென்டிரைவ் ஒன்று
பந்தியில் உப்புக் கிண்ணம்போல்
கைமாறிக் கைமாறிப் போனது.

கணக்கு எளிது என்றேன்.
இன்றிரவு நான்கு மணி அடிக்கும் முன்
கடிகாரம் மறுபடி மூன்றுக்குத் திரும்பும்.
அப்படியானால் மூன்றரை எத்தனை முறை வரும்?
உங்கள் நிரல் எதை நம்பும்?

விசைகள் சடசடத்தன.
திரைகளெல்லாம் சிவப்பு, சோதனைகள் தோல்வி.
போரியிலிருந்து வந்த ஏத்து,
தாடி இன்னும் முடிவெடுக்காத முகம், சொன்னான்:
"அந்த ஒரு மணி நேரத்தை நிராகரித்துவிடலாமே.
யார் விழித்திருக்கப் போகிறார்கள்?"

சிரித்தார்கள்.
இரண்டு நாளில் முதல் சிரிப்பு,
அதுவும் எனக்கல்ல.

கடைசி வரிசையில் ஒரு பேனா உயர்ந்தது.
ஐரா லெஹ்தோலா.
எட்டு மாதமாக நிரல் கற்கிறாராம்,
அதற்குமுன் பத்தொன்பது வருடம்
இரவுப் பணிச் செவிலியர்.

"நான் விழித்திருந்தேன்" என்றார்.

ஏழாம் எண் கட்டில்.
மகன் தொலைபேசியில் கேட்டான், மணி மூன்றரை.
தூங்குகிறார், மூச்சு சீராக இருக்கிறது என்றேன்.
உண்மை.
பிறகு கடிகாரம் திரும்பியது.
பிறகு மூன்று இருபதுக்கு அவர் போனார்.
படிவத்தில் நேரத்துக்கு ஒரே பெட்டி.
மூன்று இருபது என்று எழுதி
ஓரத்தில் சின்னதாக "இரண்டாவது" என்று சேர்த்தேன்.
காலையில் அதைக் கணினியில் ஏற்றியவருக்கு
ஓரம் என்று ஒன்று இல்லை.

ஒரு மாதம் கழித்து மகன் வந்தான்.
கையில் சான்றிதழ்.
"நான் பேசும்போது
அப்பா போய்ப் பத்து நிமிடம் ஆகியிருக்கிறது.
ஏன் பொய் சொன்னீர்கள்?"

ஆலைக் கூடத்தில் காபி இயந்திரம் மட்டும் உறுமியது.

நாற்பத்தொன்றாம் படத்தில் என் விடை தயாராக இருந்தது:
உலகப் பொது நேரத்தில் சேமியுங்கள்.
சரியான விடைதான்.
பொத்தானை அழுத்த விரல் வரவில்லை.

"என்ன சொன்னீர்கள் அவனிடம்?" ஏத்து.
"சொன்னேன். வரைந்துகூடக் காட்டினேன்.
தலையாட்டினான்.
நம்பினானா, தெரியாது."

அதன்பின் நான் அதிகம் பேசவில்லை.
நாற்காலிகள் பின்னோக்கித் திரும்பின.
இந்த மொழியிலேயே ஒரு சின்னப் புலம் உண்டு,
பூஜ்யம் என்றால் முதல் முறை, ஒன்று என்றால் மறுமுறை
என்று ஐராவிடம் காட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"அவ்வளவுதானா? ஒரே ஒரு பிட்?"
"அவ்வளவுதான்."

அவர் ஒன்று என்று தட்டினார்.
சோதனை பச்சையானது.
வேறெதுவும் ஆகவில்லை.
ஏத்து தன் வரியை அழித்த சத்தம்
எனக்குக் கேட்டதுபோல் இருந்தது.
பசிக்கிறது என்றார் யாரோ.

கருத்துச் சீட்டுகளில் ஒன்று:
"வேகம் போதாது. பயிற்சி மூன்றைத் தொடவே இல்லை."
நியாயம்.

இரவு விடுதியில் தூக்கம் வரவில்லை.
கீழே அருவி ஆலைச் சுவர்களை உரசி ஓடியது.
கைபேசியில் மூன்று ஐம்பத்தொன்பது
சொல்லாமல் கொள்ளாமல் மூன்றானது.

சுவரில் ஒரு முள் கடிகாரம்.
அதற்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.
அது நான்கைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.